வண்டி ஏசி இன்னும் சரியாகவில்லை

டீச்சருக்கு வெயில் ஆகாது. ஆகாது என்றால் வியர்க்கும், தலை வலிக்கும் என்ற கணக்கில் அல்ல. உடம்பு கொஞ்சம் சூடேறினாலே கால் இரண்டும் அவள் பேச்சைக் கேட்காது. கண் மங்கும். கையில் பிடித்த தம்ளர் எப்போது நழுவியது என்று அவளுக்கே தெரியாது. உடம்பு குளிர்ந்ததும் எல்லாம் திரும்பி வந்துவிடும். நரம்பைப் பிடித்த நோய், முழுசாகத் தீராது, வெயிலில் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அவர் அதைச் சொன்ன அறை நல்ல குளிர்ச்சியாகத்தான் இருந்தது. வெளியே வந்தால் ஊரே அடுப்பாகக் காந்திக்கொண்டிருந்தது.

அவளும் அவள் கணவனும் குடியிருந்தது மூன்று மாடிக்கும் மேலே, தகரம் போட்ட ஒற்றை அறையில். ஒரு ஏசி மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, இந்தக் கட்டடத்து வயருக்கு ஃபேன் சுற்றுவதே பெரும்பாடு, ஏசி போட்டால் எல்லா வீடும் இருட்டாகிவிடும் என்று வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். வேறு வீடு பார்க்கும் வசதி அவர்களுக்கு இல்லை. அவர்களிடம் சொந்தமாக இருந்தது ஒரே ஒரு வாடகைக் கார். அவன் ஓட்டுவது. அதில் ஏசி இருந்தது.

ஆகவே கார்தான் அவர்களுடைய குளிர்ந்த அறை. காலைச் சவாரிகளை முடித்துக்கொண்டு வெயில் உச்சிக்கு ஏறுமுன் டிரைவர் வீட்டுக்கு வந்துவிடுவான். கால் நன்றாக இருந்தால் அவளே கைப்பிடியைப் பிடித்து இறங்குவாள். இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு இறங்குவான். கட்டடத்துக்குப் பின்னால் சுவர் நிழல் விழும் இடத்தில் வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டு, முன் சீட்டைச் சாய்த்துவிட்டால் வெயில் தாழும்வரை இருவருக்கும் அதுதான் வீடு. சாப்பாடு அங்கே, தூக்கம் அங்கே, சண்டையும் அங்கேதான். "மேல வாடகை குடுத்துட்டு கீழ கார்ல குடித்தனம் பண்றாங்க" என்று கீழ்வீட்டு அம்மாள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவர்களும் கூடச் சிரித்தார்கள்.

கல்யாணத்துக்கு முன் அவள் மழலையர் பள்ளியில் டீச்சர். அவன் அதே பள்ளியின் வேன் ஓட்டினான். பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்ட பிறகு கடைசியாக இறங்குகிறவள் அவள். அந்தக் கடைசிக் கொஞ்ச தூரத்தில் முளைத்ததுதான் எல்லாம். நோய் வந்து வேலை போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. அவன் இன்னமும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டான். அவளுக்கு அவன் 'என்னங்க'. கோபம் வந்தால் மட்டும் 'டிரைவர்'. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

அந்தக் கோடையில் ஒரு மதியம், அரைத் தூக்கத்தில் இருந்த டீச்சர் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "என்னங்க, காத்து சூடா வருதா, இல்ல எனக்குத்தான் அப்படி இருக்கா?"

அவன் கையை நீட்டிப் பார்த்தான். சூடாகத்தான் வந்தது. பொத்தானை அணைத்துப் போட்டான், அணைத்துப் போட்டான். பிறகு கண்ணாடிகளை இறக்கினான். வெளியே இருந்த காற்று அதைவிட மோசம். அதற்குள் அவளுக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறி, தரையில் தண்ணீரைக் கொட்டி, அதில் பாய் விரித்து, ஈரத் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தான்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் கோடைக்காலக் கூட்டத்தில் வண்டியை எப்போது திருப்பித் தருவார்கள் என்று சொல்ல முடியாது. வண்டி நின்றால் அடுப்பும் நிற்கும். எஞ்சின் வேலை அவனுக்குக் கொஞ்சம் தெரியும். ஏசியில் கை வைத்ததில்லை. பார்த்துவிடலாம் என்று மறுநாள் விடிந்ததும் பானெட்டைத் திறந்தான். டீச்சர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் தேடித் தேடி வாசித்துச் சொன்னாள். வகுப்பு எடுக்கிற குரல் அவளுக்குத் தானாக வந்துவிட்டது.

முதலில் ஃபியூஸைப் பார்த்தார்கள். நன்றாக இருந்தது. டேஷ்போர்டுக்கு உள்ளே காற்று வரும் வழியில் இருக்கும் ஃபில்டரை உருவினான். அது தூசி அடைத்துக் கருத்துக் கிடந்தது. "இது ஃபில்டரா, யாராச்சும் தொலைச்ச தலைகாணியா?" என்றாள் டீச்சர். முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் பூச்சியும் சேறும் ஒட்டியிருந்தன. குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினான். ஃபேன் ஓடியது. பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் கம்ப்ரசரைப் பார்த்தார்கள். அதன் முன்தட்டு டக்கென்று பிடித்தது, உடனே விட்டது. மறுபடி பிடித்தது, விட்டது. கேஸ் குறைந்தால் இப்படித்தான் பிடித்துப் பிடித்து விடும் என்று போன் சொன்னது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஒரு சின்ன கேஸ் கேனும், முள் வைத்த மீட்டரோடு ஒரு குழாயும் கொடுத்தார். தடித்த பைப்பில் இருக்கும் வால்வில்தான் மாட்ட வேண்டும், மெல்லிய பைப்பின் பக்கம் போகவே கூடாது, அங்கே இருக்கும் அழுத்தத்துக்குக் கேன் கையிலேயே வெடித்துவிடும் என்று சொல்லி அனுப்பினார். டிரைவர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டான். ஏசியை முழு வேகத்தில் வைத்து, கேனை நிமிர்த்திப் பிடித்து, கொஞ்சம் விட்டு, முள்ளைப் பார்த்து, மறுபடி கொஞ்சம் விட்டான். கேஸ் இறங்க இறங்கக் கேன் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. தீர்ந்ததும் அதைத் துண்டில் சுற்றி டீச்சரிடம் கொடுத்தான். அவள் அதைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். உள்ளே காற்று ஜில்லென்று வந்தது. அன்று மதியம் இருவரும் அந்தக் காரில் தூங்கியது போலப் பல மாதமாகத் தூங்கியதில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் காற்று மறுபடி சூடானது.

கேஸ் தானாகக் குறையாது, எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றார் கடைக்காரர். ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, கிழிந்த பையில் அரிசி வாங்குகிற கதைதான் என்றும் சொன்னார். டிரைவர் சோப்புத் தண்ணீரைக் குழைத்து ஒவ்வோர் இணைப்பாகத் தடவினான். டீச்சர் டார்ச் அடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தாள். எங்கும் வரவில்லை. கடைசியில், கேஸோடு சேர்ந்து ஓடுகிற பச்சைச் சாயம் ஒன்றை ஏற்றி, தண்ணீர் வடியும் குழாயின் வாயில் நீல விளக்கை அடித்துப் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்தது. ஓட்டை வெளியே எங்கும் இல்லை. உள்ளே, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் இருந்தது. அதைத் தொட வேண்டுமானால் ஸ்டீயரிங்கிலிருந்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

புதுக் காயில் கிடைக்கும்வரை மதியங்களை ஓட்ட வேண்டியிருந்தது. ஃபர்னிச்சர் கடை ஒன்றில் ஏசி நன்றாக இருந்தது. அங்கே போய் சோபா பார்க்கிறவர்கள் போல ஒவ்வொரு சோபாவாக உட்கார்ந்து எழுந்தார்கள். முதல் நாள் விற்பனையாளர் ஓடி ஓடிக் காட்டினார். இரண்டாம் முறை விலை மட்டும் சொன்னார். அதற்கடுத்து அவர் ஒன்றுமே சொல்லாமல் ஓரமாக இருந்த சோபாவைக் கண்ணால் காட்டிவிட்டுப் போனார். அன்று வெளியே வந்ததும், இனிமேல் இங்கே வர வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டாள்.

புதுக் காயில் வந்ததும் டிரைவர் டேஷ்போர்டைக் கழற்றினான். வண்டியின் வயிற்றைக் கிழித்துப் போட்டது போல வயர்கள் தொங்கின. ஸ்க்ரூக்களைத் தனித்தனி டப்பாக்களில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டினான். எப்படிக் கழற்றுவது என்று ஒருவன் சொல்லித்தரும் வீடியோவைப் போனில் சத்தமாக வைத்துவிட்டு, சீட்டில் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே விட்டு வேலை செய்தான். நேரம் போனதே தெரியவில்லை. அந்தி மயங்குமுன் முடித்துவிட வேண்டும், முடித்தால் நாளை மதியம் அவள் தூங்கலாம் என்ற ஒரே நினைப்பு. பழைய காயில் கடைசியில் கையோடு வந்தபோது, எண்ணெய் வழியும் அந்தச் சனியனை அவளிடம் காட்ட வேண்டும் என்று மாடிக்கு ஓடினான்.

டீச்சர் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள். தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்ளப் போன இடத்தில் கால் மடங்கியிருக்கிறது. உதடு வெடித்திருந்தது. கன்னத்தில் தரையின் அச்சுப் பதிந்திருந்தது. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தாளோ.

"கூப்பிட்டேங்க," என்றாள். "நீங்க வேலையா இருந்தீங்க."

குற்றம் சொல்லும் குரல் அல்ல அது. நடந்ததைத்தான் சொன்னாள். அவன் கையிலிருந்த காயிலைக் கீழே போட்டுவிட்டு அவளை அள்ளிக்கொண்டு, கீழ்வீட்டு அம்மாள் மகனின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். குளுக்கோஸ் ஏறியது. உடம்பு குளிர்ந்தது. விரல்கள் அசைந்தன.

தகவல் கேட்டு டீச்சரின் அக்கா வந்தாள். அரை நாள் பயணத் தூரத்தில் வேறோர் ஊரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். நர்சுகள் குடியிருப்பில் தனியாக ஓர் அறை; கட்டடம் முழுக்க ஏசி. தங்கையை வைத்துக்கொள்ள மேட்ரனிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தாள். பெண்கள் மட்டும் தங்கும் இடம், ஆண்கள் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அவள் டிரைவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவனை அதிகம் சுட்டது. "நீங்க செஞ்சதுல எதுவும் குறை இல்ல தம்பி. வண்டிய நிதானமா முடிங்க. முடிச்சிட்டு வந்து கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

ஏசி பஸ்ஸின் ஜன்னல் வழியே டீச்சர் அவனைப் பார்த்துச் சொன்னாள். "மாட்டி முடிச்சப்புறம் ஸ்க்ரூ மிச்சம் வந்துச்சுன்னா என்கிட்ட சொல்லக் கூடாது, டிரைவர்."

அவன் சிரித்துக்கொண்டே கையாட்டினான். பஸ் திரும்பியதும் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான்.

மூன்று ஸ்க்ரூ மிச்சம் வந்தது. அதை அவளிடம் போனில் சொன்னான், அவள் சிரித்தாள். புதுக் காயிலை வைத்து, இணைப்புகளுக்குப் புது ரப்பர் வளையம் போட்டு, கடைக்காரரிடம் வேக்கம் பம்பை வாங்கிவந்து உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்தான். பம்பை நிறுத்திவிட்டு முள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். அசையவில்லை. ஓட்டை இல்லை. வண்டிக்கு எவ்வளவு கேஸ் என்று பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த அளவைப் பார்த்து, தராசில் வைத்து, இம்மி கூடாமல் குறையாமல் ஏற்றினான். காற்று வந்தது. கை விறைத்துப் போகும் குளிர்ச்சி. அவன் தனியாக அந்தச் சுவர் நிழலில், சாய்த்து வைத்த அந்தக் காலி சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான்.

ஏசி சரியானதை அவளிடம் சொல்லவில்லை. நேரில் போய் நிற்கலாம் என்று நினைத்தான். அவள் ஏறும்போதே சீட்டு குளிர்ந்திருக்க வேண்டும் என்று வழி நெடுக ஏசியை அணைக்கவில்லை. அக்காவின் அறை பூட்டியிருந்தது. வாயிற்காவலர், டீச்சரா, அவங்க பிள்ளைங்க வார்டுல இருப்பாங்களே என்று வழி காட்டினார். டீச்சர் என்று அந்த ஊரில் யாரோ சொன்னது அவனுக்கு முதலில் விளங்கவில்லை.

வார்டுக் கதவில் கண்ணாடி பதித்திருந்தது. உள்ளே டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். எதையும் பிடிக்காமல், சுவரில் சாயாமல், ஒரு கையில் படத்தை உயர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். நீண்ட நாள் படுக்கையில் கிடக்கும் பிள்ளைகள் நான்கைந்து பேர் அவளைச் சுற்றி இருந்தார்கள். அவள் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு நடந்தாள். குனிந்து ஒரு சிறுமியின் கையைப் பிடித்து எழுத வைத்தாள். நிமிர்ந்தாள். திரும்ப நடந்தாள். அவள் அப்படி நடந்து அவன் பார்த்தது வேன் ஓட்டிய காலத்தில்தான்.

போனில் இந்த வார்டைப் பற்றி அவள் சொல்லியிருந்தாள். பொழுது போகாமல் கதை சொல்லப் போகிறாள் என்று நினைத்திருந்தான். கொஞ்ச நாளாக அவள் வண்டியைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவனைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. கேன்டீனுக்கு அவளே அழைத்துப் போனாள், டீயை அவளே வாங்கி, இரண்டு கையிலும் இரண்டு கோப்பையோடு, சிந்தாமல் கொண்டுவந்து வைத்தாள். பார்த்தீங்களா என்பது போல அவனைப் பார்த்தாள். பிறகு, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"வண்டி ஏசி சரியாச்சா?"

டிரைவர் டீயைக் குடித்தான். "இல்ல டீச்சர். இன்னும் சரியாகல. மாட்டின காயில் வேற மாடலாம், குளிரல. கழட்டித் திருப்பி அனுப்பணும்."

அவள் காலிக் கோப்பைகளை எடுத்து வைத்தாள். வழியனுப்ப வாசல்வரை வந்தாள். கார் போர்ட்டிகோ நிழலில் நின்றது. அதன் அடியில், முன்சக்கரத்துக்குப் பின்னால், சிமெண்ட் தரையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஏசி நன்றாகக் குளிர்ந்து ஓடிய வண்டியின் வயிற்றிலிருந்து சொட்டுகிற தண்ணீர். வருஷக்கணக்காக அந்த வண்டியில் குடித்தனம் செய்தவளுக்கு அது என்ன தண்ணீர் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"அப்ப மெதுவாவே சரி பண்ணுங்க," என்றாள். "அவசரமில்ல."

திரும்பும் வழியில் அவன் ஏசி போடவில்லை.

மாதம் ஒருமுறை போய் வந்தான். ஏசி இன்னும் சரியாகவில்லை என்பதை இருவரும் காப்பாற்றி வந்தார்கள். அந்த ஊருக்கே குடிபோய்விடலாமா என்று யோசித்தான். அங்கே வாடகைக் கார்கள் ஏற்கெனவே அதிகம், புதிதாக வருகிறவனுக்குச் சவாரி கிடைக்காது. அங்கேயும் அவனுக்குக் கிடைப்பது இன்னொரு தகரக் கூரைதான். மழைக்காலம் வந்ததும் அவளே போன் செய்து, கூட்டிப்போகச் சொன்னாள். மூன்று மாடியும் தானே ஏறினாள். அறையைப் பெருக்கினாள், சமைத்தாள், மழைச் சத்தத்தில் கதை பேசினாள். கீழ்வீட்டு அம்மாள் வந்து அவள் கையைப் பிடித்து நலம் விசாரித்துவிட்டுப் போனாள். டிரைவர் வருகிற சவாரிகளையும் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துகொண்டே இருந்தான்.

பிறகு மழை விட்டது. ஒரு நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. துணி எடுக்க அறைக்கு வெளியே மொட்டைமாடிக்கு வந்தவள் கொடிக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழ முடியவில்லை. அவன் அவளைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து, சுவர் நிழலில் நின்ற காரில் உட்காரவைத்தான். ஏசிப் பொத்தான்மேல் விரலை வைத்து எடுத்தான். வேறு வழியில்லை. பொத்தானை அழுத்தினான். குளிர்ந்த காற்று வந்தது.

"எப்ப சரியாச்சு?" என்றாள்.

"இப்பத்தான்," என்றான்.

அவள் சிரித்தாள். சிரித்தபடியே அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். கால் உயிர்பெற்று விரல்கள் அசைய ஆரம்பித்த பிறகு மெல்லச் சொன்னாள்.

"என்னைக் கொண்டுபோய் விட்டுடுங்க. இந்த சீட்டுல சாஞ்சுகிட்டு ஆயுசு பூரா உங்க மூஞ்சியப் பாத்துகிட்டு இருக்கலாம். எனக்கு அது போதும்னுதான் நெனச்சிருந்தேன். ஆனா அங்க நான் நிக்கிறேங்க."

"தெரியும் டீச்சர். பாத்தேன்."

"உங்களுக்குக் கோவம் இல்லையே?"

இல்லை என்று தலையாட்டினான்.

மறுநாளே கொண்டுபோய் விட்டான். ஆஸ்பத்திரி அவளுக்கு வார்டு டீச்சர் வேலை கொடுத்தது. அவளுக்கு ஓர் அடையாள அட்டையும் கிடைத்தது. அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். பிரிந்துவிட்டோம் என்று இருவரும் சொல்லவில்லை, யாரோடும் யாருக்கும் மனஸ்தாபமும் இல்லை. அவன் அதே அறையில்தான் இருக்கிறான். மதியங்களில் வீட்டுக்கு வருவதில்லை. வெயில் ஏறும் நேரத்தில்தான் சவாரி நிறையக் கிடைக்கிறது. ஏறுகிறவர்கள், அப்பா, என்ன குளிர்ச்சி என்கிறார்கள்.

சாயங்காலம் அவள் போன் செய்வாள். இன்னைக்கு அங்க வெயில் எப்படி என்பதுதான் முதல் கேள்வி. தகரம் கொளுத்திக்கொண்டிருக்கும். பரவாயில்லை, தாங்குது என்பான்.